காக்காயும் பனம்பழமும்: கிராஃபிக்ஸ் கார்டு மாற்றிய பின் வரும் பழுதுகளைப் பற்றி

கிராஃபிக்ஸ் கார்டு மாத்தினதுக்கு அப்புறம் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுதுன்னு யாரைக் கேட்டாலும் கிட்டத்தட்ட ஒரே பதில்தான் வரும். கார்டைக் கழட்டி மறுபடி மாட்டு. பவர் வயரைச் சரியா குத்து. டிரைவரை அழிச்சிட்டு புதுசாப் போடு. எஸ்எம்பிஎஸ் பத்தலைன்னா பெருசா வாங்கு. அப்பவும் சரியாகலையா, கார்டு போச்சு, திருப்பிக் கொடு.

இந்தப் பாடத்தில் தப்பு என்று சொல்ல ஒரு வரி கூட இல்லை. ஆனால் மொத்தமாகப் பார்த்தால் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: சந்தேகம் எல்லாம் கேபினெட்டோடு நின்றுவிடுகிறது. சுவரில் இருக்கிற த்ரீ பின் சாக்கெட்டைத் தாண்டி ஒரு கேள்வியும் போவதில்லை. அங்கிருந்து வருவது எப்போதும் 230 வோல்ட், எர்த் இருக்கும், காற்று காய்ந்திருக்கும் என்று அந்தப் பாடம் சொல்லாமலே நம்பிக்கொள்கிறது. போடிநாயக்கனூரிலும், அதற்கு மேலே ஏலமலைச் சரிவுகளிலும் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்த மூன்றில் ஒன்றாவது பெரும்பாலும் பொய்.

இந்த ஓட்டையைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. கார்டு வாங்கப் பணம் சேர்க்கிற கல்யாண வீடியோ எடிட்டருக்கும், டிசைன் படிக்கிற மாணவிக்கும் இது வெறும் தத்துவ விஷயம் இல்லை. தப்பான இடத்தில் சந்தேகப்பட்டால் நல்ல கார்டு குப்பைக்குப் போகும், கெட்ட வயரிங் வீட்டிலேயே தங்கும்.

பாடம் பிறந்த இடம்

பழுது கண்டுபிடிக்க நாம் கற்றுக்கொண்ட அடிப்படை முறைக்குப் பெயர் 'மாத்திப் பாரு'. ரேமை மாத்திப் பாரு, எஸ்எம்பிஎஸ்ஸை மாத்திப் பாரு, கார்டை வேற மெஷின்ல போட்டுப் பாரு. ஒன்றை மட்டும் மாற்றி மற்றதெல்லாம் அப்படியே வைத்திருந்தால், எது மாறியபோது பழுது போனதோ அதுதான் குற்றவாளி. அறிவியல் சோதனையின் இலக்கணமும் இதுதான்.

ஆனால் இந்த முறை வேலை செய்ய இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, மாற்றிப் பார்க்க உபரி பாகங்கள். இரண்டு, பாகம் மாறும்போது மற்றதெல்லாம் மாறாமல் இருக்கும் என்ற உத்தரவாதம். நகரத்து சர்வீஸ் சென்டரின் மேஜையில் இரண்டுமே உண்டு. அலமாரி நிறைய எஸ்எம்பிஎஸ், தரமான யூபிஎஸ் வழியாக வரும் சீரான கரண்ட், ஏசி அறை.

போடியில் நிலைமை தலைகீழ். வீட்டில் உபரி எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பவர் யாரும் இல்லை. தேனி 15 கிலோமீட்டர். பெரிய கடைகள் வேண்டுமென்றால் மதுரை. மதுரை–போடி ரயில் பாதையின் நீளமே 90 கிலோமீட்டர். அகலப் பாதை வேலைக்காக 2010 கடைசியில் மூடிய அந்தப் பாதையில் போடிக்கு மறுபடி ரயில் வந்தது 2023 ஜூனில்தான். ஆக, பாகங்கள் மாறுவதில்லை. மாறுவது கரண்ட். காலையில் ஒரு வோல்டேஜ், சாயங்காலம் மோட்டாரும் டிவியும் ஓடும்போது வேறு வோல்டேஜ். தென்மேற்குப் பருவக்காற்றில் மரக்கிளை லைனில் விழுந்தால் நொடிக்கு நொடி வேறு.

'மற்றதெல்லாம் மாறாமல் இருக்க' என்ற நிபந்தனையே இல்லாத இடத்தில், 'மாத்திப் பாரு' முறை தருகிற பதில் எதற்குமே ஆதாரம் ஆகாது. புது எஸ்எம்பிஎஸ் போட்ட அன்றைக்கு மெஷின் ஓடினால் அது எஸ்எம்பிஎஸ்ஸாலா, அன்றைக்கு வோல்டேஜ் நன்றாக இருந்ததாலா?

வெளியுலகம் சொல்லும் சாட்சி

'புதுசா வந்ததுதான் கெட்டது' என்ற முடிவு எவ்வளவு அவசரமானது என்பதற்கு கடந்த பத்தாண்டுகளில் பேசப்பட்ட பெரிய பிரச்சினைகளே சாட்சி.

2016 ஜூன் கடைசியில் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 480 வெளிவந்தது. பிசிஐ எக்ஸ்பிரஸ் விதிப்படி மதர்போர்டு ஸ்லாட்டில் இருந்து ஒரு கார்டு 75 வாட் வரைதான் எடுக்கலாம். இந்தக் கார்டு அதற்கு மேல் எடுக்கிறது என்று விமர்சகர்கள் கண்டுபிடித்தார்கள். எப்படி? ஸ்லாட்டில் எவ்வளவு போகிறது, 6 பின் வயரில் எவ்வளவு போகிறது என்று தனித்தனியாக அளந்து. பாகத்தை மாற்றி மாற்றிப் பார்த்திருந்தால் 'சில மதர்போர்டுகள் சரியில்லை' என்று முடிந்திருக்கும். அடுத்த மாதமே ஏஎம்டி டிரைவர் மூலமாக அதைச் சரிசெய்தது. கார்டு மேல்தான் தப்பு, ஆனால் அளந்ததால் தெரிந்தது.

2021-இல் ஜிகாபைட்டின் ஜிபி-பி750ஜிஎம், ஜிபி-பி850ஜிஎம் எஸ்எம்பிஎஸ்கள் வெடித்துச் செயலிழக்கின்றன என்று கேமர்ஸ் நெக்சஸ் சோதித்துக் காட்டியது. கார்டு தட்டுப்பாட்டுக் காலம் அது. கார்டு வேண்டுமென்றால் இதையும் சேர்த்து வாங்கு என்று அமெரிக்காவில் கட்டி விற்கப்பட்ட சரக்கு. ஆகஸ்டில் ஜிகாபைட் அதிகச் சுமையில் அணையும் வரம்பைக் குறைத்ததாக அறிவித்து, மாற்றித் தரவும் முன்வந்தது. இங்கே கார்டு நிரபராதி.

2022 அக்டோபரில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தது. புதிய 16 பின் இணைப்பு உருகிய படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. வயர் முழுசாக உள்ளே போகாததுதான் பொதுவான காரணம் என்று என்விடியா சொன்னது. அதற்கு அடுத்த வருடம் அந்த இணைப்பின் வடிவமே திருத்தப்பட்டது: சரியாக மாட்டியிருக்கிறதா என்று உணரும் சிறிய பின்களைக் குட்டையாக்கி, அரைகுறையாக மாட்டினால் கரண்ட் எடுக்காதபடி செய்தார்கள். இங்கே தப்பு கார்டிலும் இல்லை, எஸ்எம்பிஎஸ்ஸிலும் இல்லை, இரண்டும் சேரும் இடத்தில்.

எதிர்ச் சாட்சியும் உண்டு. அதே 2021-இல் 'நியூ வேர்ல்ட்' விளையாட்டை ஓட்டியபோது செத்துப்போன இவிஜிஏ நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகளில் சால்டரிங் சரியில்லை என்று அந்த நிறுவனமே சொன்னது. அங்கே கார்டேதான் குற்றவாளி. ஆகவே கார்டுக்கு வக்கீல் வேலை பார்ப்பது என் நோக்கம் இல்லை. நான்கு சம்பவத்துக்கும் வெளியில் தெரியும் அறிகுறி ஏறக்குறைய ஒன்றுதான்: புதுக் கார்டு போட்டேன், மெஷின் படுத்துக்கிச்சு. காரணம் நான்கு இடத்தில்.

காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதை என்பார்கள். தற்செயலைக் காரணமாக எடுத்துக்கொள்ளாதே என்பதற்காகச் சொல்வது. ஆனால் கிராஃபிக்ஸ் கார்டு விஷயத்தில் காக்காய்க்குக் கொஞ்சம் எடையும் உண்டு. பழம் ஏற்கனவே காம்பு இற்றுப்போய் நின்றிருந்தது. காக்கா உட்கார்ந்ததில் அந்த மிச்சப் பிடியும் விட்டது. காக்காயை விரட்டினால் பழம் கொஞ்ச நாள் நிற்கலாம். காம்பு தேறாது.

சுவருக்குள் இருக்கும் கணக்கு

இதை ஒரு கணக்குப் போட்டே காட்டலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய ஆபீஸ் மெஷின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓடும்போது சுமார் 80 வாட் போதும் அதற்கு. உள்ளே விலை குறைந்த ஒரு எஸ்எம்பிஎஸ், பவர் ஃபேக்டர் திருத்தம் இல்லாத பழைய ரகம், பின்னால் 115/230 என்று சிவப்பு ஸ்விட்ச் இருக்குமே, அது. இப்போது அதில் 170 வாட் எடுக்கிற கார்டு ஒன்றைப் போடுகிறோம். மொத்தச் சுமை 250 வாட்.

சுவரில் கரண்ட் ஒரு கணம் நின்றால், எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் இரண்டு பெரிய கெப்பாசிட்டர்கள் கொஞ்ச நேரம் மெஷினைத் தாங்கும். தண்ணீர் நின்றபின் தொட்டியில் இருப்பதை வைத்துச் சமாளிப்பது மாதிரி. தொட்டி எவ்வளவு நேரம் வரும் என்பது இரண்டைப் பொறுத்தது: எவ்வளவு நிரம்பியிருந்தது, எவ்வளவு வேகமாக இறைக்கிறோம்.

ஒவ்வொன்றும் 470 மைக்ரோஃபாரட், தொடராக இணைத்தால் 235. சுவரில் 230 வோல்ட் இருந்தால் உள்ளே சுமார் 325 வோல்ட் நிரம்பும். அது 220-க்கு இறங்கும்வரை எஸ்எம்பிஎஸ் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். திறன் 75 சதவீதம். கணக்குப் பார்த்தால் கிடைப்பது இது:

230 வோல்ட்டில் பழைய 80 வாட் சுமை: சுமார் 63 மில்லி செகண்ட் தாங்கும்.
230 வோல்ட்டில் புதிய 250 வாட் சுமை: சுமார் 20 மில்லி செகண்ட்.
180 வோல்ட்டில் பழைய சுமை: சுமார் 18 மில்லி செகண்ட்.
180 வோல்ட்டில் புதிய சுமை: 6 மில்லி செகண்ட் கூட இல்லை.

தோராயக் கணக்குதான். ஆனாலும் இந்த நான்கு வரியை வீட்டு இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்வெர்ட்டர் பின்னால் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும்: ஒரு பக்கம் யூபிஎஸ் மோடு, இன்னொரு பக்கம் நார்மல் அல்லது ஈகோ மோடு. யூபிஎஸ் மோடில் பேட்டரிக்கு மாற சுமார் 10, 15 மில்லி செகண்ட். மற்ற மோடில் 30, 40 கூட ஆகலாம். பழைய மெஷின் 63 மில்லி செகண்ட் தாங்கியதால் ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருந்தாலும் கவலை இல்லை. கரண்ட் போனதே தெரியாமல் ஓடியது. கார்டு போட்ட பிறகு 20 தான். ஸ்விட்ச் ஈகோவில் இருந்தால் கரண்ட் போகிற ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட். லோ வோல்டேஜ் நேரத்தில் கரண்ட் போனால் எந்த மோடிலும் ரீஸ்டார்ட்.

வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரிவது என்ன? "மூணு வருஷமா ஓடுச்சு, ஒரு நாள் ஆஃப் ஆனதில்ல. இந்தக் கார்டு போட்டதுல இருந்துதான்." அவர் சொல்வதில் பொய்யே இல்லை. ஆனால் கார்டைத் திருப்பிக் கொடுப்பது இதற்குத் தீர்வு இல்லை. தீர்வு ஒரு ஸ்விட்சில் இருக்கலாம். அல்லது தொட்டியை எப்போதும் 380 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிரப்பி வைக்கிற, ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கலாம். அதற்கு 180-உம் 230-உம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அதிலும் ஒரு நெளிவு உண்டு. ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ்களில் சில, சதுர அலை தருகிற மலிவு இன்வெர்ட்டரோடு ஒத்துப்போகாது. பேட்டரிக்கு மாறும் கணத்தில் இழுக்கும் கரண்டில் இன்வெர்ட்டர் ட்ரிப் ஆகிவிடும். 'எஸ்எம்பிஎஸ்ஸை மாத்திப் பாரு' என்ற அறிவுரையைக் கேட்டு நல்லதாக வாங்கிப் போட்டவருக்கு முன்னைவிட மோசமாக ஆகும் விசித்திரம் இப்படித்தான் நடக்கிறது. கடையில் 600 விஏ என்று விற்கிற சின்ன யூபிஎஸ்ஸும் அப்படியே. பெரும்பாலும் அதன் உண்மைத் திறன் 360 வாட். பழைய மெஷினுக்கு அது மாளிகை. கார்டு, மானிட்டர், ஸ்பீக்கர், மோடம் எல்லாம் சேர்ந்தால் குடிசை.

இந்திய மின்சார விதிகள், 1956-இன் 54-ஆவது விதி குறைந்த அழுத்த இணைப்புக்கு 6 சதவீதம் மேலே கீழே போகலாம் என்றது. 230-க்கு அது ஏறக்குறைய 216 முதல் 244 வரை. டிரான்ஸ்பார்மரில் இருந்து தள்ளி, லைனின் கடைசியில் இருக்கிற வீட்டில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த எண்களைப் படிக்கும்போது சிரிப்பு வரும். கம்பி நீளமாக ஆக, சுமை கூடக் கூட, வழியிலேயே வோல்டேஜ் கரையும். சரிவில் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும் வீடுகளுக்கு லைன் நீளமாகத்தான் இருக்கும்.

ஸ்டிக்கரை நம்பும் பாடம்

அறிவுரைகளில் அடிக்கடி வருவது 'வாட்டேஜ் கணக்கு'. கார்டுக்கு 170, பிராசஸருக்கு 65, மற்றதுக்கு 50, ஆக 450 வாட் எஸ்எம்பிஎஸ் தாராளம். இந்தக் கணக்கு ஸ்டிக்கரை நம்புகிறது. மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் 450 என்பது 3.3, 5, 12 வோல்ட் எல்லாவற்றையும் கூட்டிய எண். கார்டும் பிராசஸரும் குடிப்பது 12 வோல்ட்டை மட்டும். ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர் என்று இருந்தால் கைக்கு வருவது 216 வாட்தான். அது ஸ்டிக்கரிலேயே அச்சாகி இருக்கும். ஆனால் நாம் பெரிய எழுத்தை மட்டும் படிக்கிறோம்.

அதைவிட மோசம், பச்சை வயரையும் கருப்பு வயரையும் கம்பியால் சேர்த்து 'ஃபேன் சுத்துது, எஸ்எம்பிஎஸ் நல்லாருக்கு' என்று சொல்லும் சோதனை. சுமையே இல்லாமல் ஃபேன் சுற்றுவதால் எஸ்எம்பிஎஸ் முழுசாகச் செத்துவிடவில்லை என்று மட்டும்தான் தெரியும். கார்டு சுமையில் 12 வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் கேள்வி. 5 சதவீதத்துக்கு மேல் இறங்கக்கூடாது, அதாவது 11.4-க்குக் கீழே போகக்கூடாது. இன்னொன்று, இன்றைய கார்டுகள் மைக்ரோ செகண்ட் கணக்கில் சராசரியைப் போல இரண்டு மடங்கு வரை இழுத்துவிட்டு அடங்கும். 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை இந்தத் துள்ளலைத் தாங்கும்படி எஸ்எம்பிஎஸ் செய்யச் சொன்னதே அதனால்தான். பழைய எஸ்எம்பிஎஸ் அதை ஷார்ட் சர்க்யூட் என்று நினைத்து அணைத்துவிடும்.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று ஒரு பதிவு வரும். உடனே 'எஸ்எம்பிஎஸ் போச்சு' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அந்தப் பதிவு சொல்வது, முறையாக மூடாமல் மெஷின் மறுபடி தொடங்கியது என்பதை மட்டும்தான். காரணத்தைச் சொல்லவில்லை. ஆனால் அதில் நேரம் இருக்கிறது. பத்து நாள் பதிவுகளின் நேரத்தை எழுதி, வீட்டில் கரண்ட் போன நேரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒத்துப்போனால் பாதி பதில் வந்துவிட்டது.

எர்த் இல்லாத மூன்றாவது பின்

பழைய வீடுகளில் த்ரீ பின் சாக்கெட் இருக்கும், மேலே இருக்கும் பெரிய துளைக்குப் பின்னால் வயர் இருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் இருந்து கேபினெட்டோடு இணைந்திருப்பவை. எர்த் இல்லையென்றால் கேபினெட் அரைவாசி வோல்டேஜில், 115-க்குப் பக்கத்தில் மிதக்கும். கரண்ட் மிகச் சிறியது, ஆனால் கை வைத்தால் சுர்ரென்று இழுக்கும், டெஸ்டர் மினுக்கும். "எல்லாக் கம்ப்யூட்டரும் அப்படித்தான் ஷாக் அடிக்கும்" என்று பழகிப்போன வீடுகள் உண்டு.

கார்டு மாற்றியதும் இது எப்படிப் புதுப் பிரச்சினை ஆகிறது? புதுக் கார்டில் எச்டிஎம்ஐ இருக்கிறது, ஆகவே பெரிய டிவியில் இணைத்துப் பார்க்க ஆசை. டிவியில் கேபிள் வயரோ மொட்டை மாடி டிஷ் வயரோ செருகியிருக்கும். அந்த வயர் எங்கோ தரையோடு தொடர்பில் இருக்கும். மிதக்கும் கேபினெட்டையும் தரையைத் தொட்ட டிவியையும் எச்டிஎம்ஐ வயர் சேர்த்து வைக்கும்போது, நுனி தொடும் கணத்தில் ஒரு சின்னப் பொறி. அந்தப் பொறி கார்டின் எச்டிஎம்ஐ போர்ட்டையே கொல்லலாம். ஐப்பசி இடி மழையில் டிஷ் வயர் வழியாக வருவது இதைவிடப் பெரியது. போர்ட் செத்தால் வரும் தீர்ப்பு: "டூப்ளிகேட் கார்டைக் குடுத்துட்டாங்க."

எச்டிஎம்ஐ மாட்டும்போது இரண்டு பக்கமும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாட்டுவது செலவில்லாத பாதுகாப்பு. எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்ப்பது அடுத்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வருகிற அளவே வர வேண்டும். கண்டபடி அறுபது, தொண்ணூறு என்று காட்டினால் அங்கே எர்த் என்பது ஓட்டை மட்டும்தான். கார்டு வாங்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு இதற்குப் போக வேண்டும் என்று எந்த அறிவுரையும் சொல்வதில்லை. மின் அதிர்ச்சியிலிருந்து காப்பாற்றும் விஷயத்தை 'கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது இல்லை' என்று விட்டுவிடுவதுதான் இந்தப் பாடத்தின் மேல் எனக்கிருக்கும் மிகப் பெரிய குறை.

ஏலக்காய்க்குத் தெரிந்தது

ஏலக்காயை உலர்த்திப் பத்து சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்த பிறகு, பாலித்தீன் உறை போட்ட சாக்கில்தான் கட்டி வைப்பார்கள். திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பச்சை நிறம் மங்கும், ஏலத்தில் விலை போகாது. இது போடியில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கும் இரண்டு ஊர்களில் ஒன்று போடி, இன்னொன்று மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியின் புற்றடி. சாக்கை ஒரு அடி உயரத்தில் பலகை மேல் அடுக்கும் அதே கடையில் கம்ப்யூட்டர் மட்டும் சிமெண்ட் தரையில், ஈரச் சுவரை ஒட்டி உட்கார்ந்திருக்கும்.

ஈரமும் தூசியும் சேர்ந்தால் ரேம் முனைகளிலும் ஸ்லாட்டுகளிலும் படலம் கட்டும். அசைக்காதவரை ஓடிக்கொண்டிருக்கும். கார்டு போடக் கேபினெட்டைத் திறந்து, கனமான கார்டை ஸ்லாட்டில் அழுத்தும்போது போர்டு லேசாக வளையும், பக்கத்து ரேம் ஒரு மயிரிழை நகரும், தொடர்பு விடும். திரை வராது, பீப் மட்டும் அடிக்கும். 'கழட்டி மறுபடி மாட்டு' என்ற பழைய அறிவுரை இங்கே சரியாக வேலை செய்கிறது. ஆனால் கார்டை மட்டும் பத்து முறை கழட்டுகிறார்களே தவிர ரேமைத் தொடுவதில்லை. சந்தேகம் புதுசு மேலேயே நிற்பதன் விலை அது.

திரை வராததற்குக் கரண்டோடு சம்பந்தமே இல்லாத காரணங்களும் உண்டு. மானிட்டர் வயர் இன்னும் மதர்போர்டிலேயே குத்தியிருக்கலாம். பழைய மதர்போர்டின் பயாஸுக்குப் புதுக் கார்டைத் தொடக்கத்தில் அடையாளம் தெரியாமல் இருக்கலாம். விண்டோஸ் வரும்வரை சில மானிட்டர்களில் டிஸ்ப்ளே போர்ட் வழியாகப் படம் வராத கோளாறுக்காக என்விடியாவே சில கார்டுகளுக்கு ஃபர்ம்வேர் திருத்தம் வெளியிட்டது. இதையெல்லாம் அறிவுரைகள் சொல்கின்றன. அந்தப் பகுதியில் குறை இல்லை.

இரண்டு உண்மைகள் மோதும் இடம்

சரி, கார்டைக் கடைக்கு அனுப்பியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். கடை மேஜையில் போட்டுப் பார்க்கிறார்கள். இரண்டு மணி நேரம் ஓடுகிறது. 'பழுது இல்லை' என்று சீட்டு ஒட்டித் திரும்பி வருகிறது. வீட்டில் போட்டால் சாயங்காலம் ஏழு மணிக்கு மறுபடி ஆஃப். இவர் "கடைக்காரன் ஏமாத்துறான்" என்கிறார். அவர் "இவருக்கு யூஸ் பண்ணத் தெரியல" என்கிறார்.

இருவரும் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். இரண்டு உண்மையையும் ஒரே வாக்கியத்தில் வைத்தால் பதில் தெரிகிறது: இந்தக் கார்டு அந்த இடத்தில் ஓடுகிறது, இந்த இடத்தில் ஓடவில்லை. வித்தியாசம் இடத்தில். ஆனால் பாடத்தில் 'இடம்' என்று ஒரு பாகம் இல்லாததால், சந்தேகம் மனிதர்கள் மேல் விழுகிறது. கடைசியில் இழப்பு வாங்கியவருக்கு. கார்டை வந்த விலைக்கு விற்றுவிட்டு, "நம்ம ஊருக்கு இதெல்லாம் செட் ஆகாது" என்று முடித்துக்கொள்வார். எனக்கு உறுத்துவது அந்த வாக்கியம்தான். ஊர் தகுதியில்லாதது இல்லை. ஊரைக் கணக்கில் சேர்க்காத பாடம்தான் அரைகுறை.

பாகத்தை மாத்தாதீங்க, இடத்தை மாத்துங்க

இங்கே பாகங்கள் நிலையானவை, கரண்ட் மாறுவது. ஆகவே சோதனையும் தலைகீழாக வேண்டும். மெஷினில் ஒரு ஸ்குரூவைக் கூடத் தொடாமல், அப்படியே தூக்கிக்கொண்டு வேறு டிரான்ஸ்பார்மரில் இருந்து கரண்ட் வருகிற சொந்தக்காரர் வீட்டுக்கோ நண்பர் கடைக்கோ போங்கள். வீட்டில் எந்த வேலை செய்தபோது ஆஃப் ஆனதோ அதே வேலையைக் கொடுங்கள். அங்கே மூன்று நாள் ஓடினால், கேபினெட்டுக்குள் இருப்பதெல்லாம் ஏறக்குறைய விடுதலை. அங்கேயும் ஆஃப் ஆனால் அப்போது எஸ்எம்பிஎஸ், கார்டு என்று உள்ளே தேடுங்கள். செலவு ஒரு ஆட்டோ.

இடத்தை மாற்ற வழியில்லையென்றால் நேரத்தை மாற்றலாம். ஊர் தூங்கும் விடியற்காலை நாலு மணிக்கு ஓடுவது சாயங்காலம் ஏழு மணிக்கு ஓடவில்லையென்றால் அதுவும் ஒரு பதில். சுமையையும் மாற்றலாம்: கார்டு எடுக்கும் கரண்ட்டை மென்பொருளிலேயே 60, 70 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்தி ஓட்டுங்கள். அதில் பழுது மறைந்தால் சந்தேகம் கரண்ட் வரும் வழிக்கு நகர்கிறது. முழு நிரூபணம் இல்லை. கார்டின் சொந்த மின்பகுதி பலவீனமாக இருந்தாலும் இதே மாதிரிதான் தெரியும். அதனால்தான் இடம், நேரம், சுமை மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு வரும். கருகின வாடை, கார்டு மாட்டினால் மெஷின் ஆனே ஆகாமல் போவது, திரையில் கட்டம் கட்டமாக நிறம் சிதறுவது, இதற்கெல்லாம் சிபியுவைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்ற வேண்டுமா? வேண்டாம். எந்த நேரத்திலும் எந்த இடத்திலும் ஒரே மாதிரி வரும் பழுது பாகத்தின் பழுது. அங்கே பழைய பாடம் போதும். எத்தேரியம் சுரங்கத் தொழில் 2022 செப்டம்பரில் முடிந்த பிறகு சந்தைக்கு வந்து குவிந்த பழைய கார்டுகளில் அப்படிப்பட்டவை நிறையவே இருக்கலாம். நான் பேசுவது வந்து வந்து போகிற பழுதைப் பற்றி. நேரம் பார்த்து வருகிற பழுதுக்கு, நேரம் பார்த்துத்தான் பதில் தேட முடியும்.

கார்டு வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு சின்ன வேலை. வாங்குவதற்கு ஒரு வாரம் முன்பே, கம்ப்யூட்டர் சாக்கெட்டில் காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளை வோல்டேஜ் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். எர்த் இருக்கிறதா பார்த்து வையுங்கள். இன்வெர்ட்டர் ஸ்விட்ச் எந்தப் பக்கம் என்று பாருங்கள். கார்டு வந்த பிறகு பழுது வந்தால், காக்கா உட்காரும் முன்பே காம்பு எப்படி இருந்தது என்பதற்கு உங்கள் கையெழுத்தில் ஒரு பக்கம் இருக்கும். கடைக்காரரிடம் பேசும்போதும் அந்தப் பக்கத்துக்கு மரியாதை இருக்கும்.